ஒரே கல்லூரி அணியில் யார் என்பிஏவுக்குப் போவார்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024இல் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 37 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது. அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் டிரிஸ்டன் நியூட்டன்; ஆட்டத்துக்குச் சராசரி 15.1. தொடக்க ஐவரில் மிகக் குறைவாக எடுத்தவர் ஸ்டெஃபான் காசில், சராசரி 11.1. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர்; அதே ஆண்டு ஜூனில் நடந்த டிராஃப்டில் காசிலை 4ஆவது இடத்தில் எடுத்தார்கள். நியூட்டன் 49ஆவது இடம்வரை காத்திருந்தார். அடுத்த பருவத்தில் என்பிஏவின் சிறந்த புதுமுக விருதும் காசிலுக்கே கிடைத்தது.

கல்லூரி ஆட்டங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரே சீருடை, ஒரே பயிற்சியாளர், ஒரே எதிரணிகள் என்று எல்லாம் பொதுவாக இருந்தும், தொழில்முறை அணிகள் இவர்களை ஏன் இவ்வளவு வேறுபடுத்திப் பார்க்கின்றன என்பது புள்ளிப்பட்டியலிலிருந்து தெரியாது. நான் இதைக் கற்கத் தொடங்கியபோது கிடைத்த விளக்கங்கள் எல்லாம் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. எந்தத் தேதிக்குள் எதைப் பார்க்க வேண்டும், எந்தக் காகிதத்தை நம்பலாம் என்று யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. நீங்களும் அப்படித் தட்டுத்தடுமாறிக் கற்க வேண்டியதில்லை என்பதால், செய்ய வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன். இது ஆண்கள் கல்லூரி ஆட்டத்துக்கு மட்டுமானது.

1. யாருக்குத் தகுதி இருக்கிறது என்று முதலில் பிரியுங்கள்

அணியின் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த தேதி, கல்லூரியில் எத்தனையாவது ஆண்டு என்ற இரண்டையும் எழுதுங்கள். டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும்; அமெரிக்க மாணவர் என்றால் அவருடைய பள்ளி வகுப்பு முடிந்து ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும். அதனால்தான் முதலாண்டு மாணவர்கள் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டுப் போகிறார்கள். ஆடும் தகுதிக்காலம் முழுவதையும் முடித்தவர்கள் தாமாகவே டிராஃப்டுக்குள் வந்துவிடுவார்கள். மற்றவர்கள் டிராஃப்டுக்கு 60 நாள் முன்னதாகத் தங்கள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பிரிவினையைச் செய்யாமல் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால் பாதி உழைப்பு வீணாகும். அந்த ஆண்டு வெளியே வரவே போகாத ஒருவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருப்பீர்கள். அதே கனெக்டிகட் அணியின் அலெக்ஸ் காரபான் 2024இல் பெயர் கொடுத்தார், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டு கல்லூரிக்கே வந்தார். 2025இலும் கல்லூரியிலேயே தொடர்ந்தார். பெயர் கொடுப்பதும் போய்விடுவதும் ஒன்றல்ல என்பதை மனத்தில் வையுங்கள்.

2. நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் நகரும். வரிசை பெரிதாக மாறாது. 2025ஆம் ஆண்டை மாதிரியாகத் தருகிறேன். பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 26. சிகாகோவில் கம்பைன் என்னும் உடல் அளவீட்டு முகாம் மே 11 முதல் 18 வரை. கல்லூரியில் மறுபடி ஆடும் உரிமையை இழக்காமல் பெயரைத் திரும்பப் பெற, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ வைத்த கடைசி நாள் மே 28. என்பிஏவின் சொந்தக் கெடு ஜூன் 15. டிராஃப்ட் ஜூன் 25, 26 ஆகிய இரண்டு இரவுகள்.

இதில் இரண்டு கெடுக்கள் இருப்பதைக் கவனியுங்கள். கம்பைன் முடிந்த பத்தாம் நாள் என்சிஏஏவின் கெடு. டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு என்பிஏவின் கெடு. கல்லூரி மாணவர்களைப் பொறுத்தவரை முதல் கெடுவே தீர்மானமானது. ஏப்ரல் இறுதியில் வரும் பட்டியலை வைத்து உங்கள் கணிப்பை இறுதி செய்துவிட்டால், மே மாத முடிவில் அதில் பெரும்பங்கு செல்லாததாகிவிடும்.

உங்கள் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெறுமனே பாருங்கள்; அப்போது பெரிய அணிகள் பல பலவீனமான எதிரணிகளோடு ஆடுவதால் எண்கள் ஊதிப் போயிருக்கும். குறிப்பெடுக்க ஏற்ற மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். தம் லீக்கின் அணிகளோடு ஆடும் அந்த ஆட்டங்களில் எதிரணிப் பயிற்சியாளர்களுக்கு இவர்களுடைய பலவீனம் தெரியும், அதைக் குறிவைத்தே ஆடுவார்கள். மே மாதத்தைக் கம்பைன் எண்களுக்காக ஒதுக்குங்கள். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை 5.30, மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு 4.30.

3. என்னென்ன காகிதங்கள், எவ்வளவு செலவு

செலவில்லாமலே இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்ய முடியும். ஆட்டக்காரரின் பருவவாரியான எண்களுக்கு ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸின் கல்லூரிப் பகுதி இலவசம். பார்ட் டார்விக் தளத்தில் எதிரணியின் வலிமைக்கு ஏற்பத் திருத்திய எண்களும், தேதிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதியும் இலவசமாகக் கிடைக்கின்றன. கென்பாம் தளத்துக்கு ஆண்டுக்கு 25 டாலரை ஒட்டிய சந்தா உண்டு. அது அணிகளை ஒப்பிட மிகச் சிறந்தது என்றாலும், ஒரே அணியின் ஆட்டக்காரர்களை ஒப்பிட முதல் ஆண்டில் கட்டாயம் இல்லை. கம்பைன் அளவுகள் என்பிஏவின் புள்ளிவிவரத் தளத்திலேயே பொதுவில் உள்ளன. பெயர் கொடுத்தவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலையும் கெடு முடிந்த சில நாட்களில் என்பிஏ வெளியிடும்.

கிடைக்காத காகிதங்களும் இரண்டு உண்டு. கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டால், டிராஃப்டின் இரண்டு சுற்றுகளில் அவர் எதில் போகக்கூடும் என்று என்பிஏவின் ஆலோசனைக் குழு கருத்துச் சொல்லும். அது அவருக்கு மட்டும் தரப்படுவது. இரண்டாவது, மருத்துவ அறிக்கை. முழங்கால், பாதம், இதயம் ஆகியவற்றைப் பற்றி அணிகளுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. டிராஃப்ட் இரவில் ஒருவர் காரணமே புரியாமல் பத்து இடம் சரிந்தால், நம் கைக்கு வராத இந்த அறிக்கையும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக உங்கள் ஆட்டக் குறிப்புகளைக் கிழித்துப் போட வேண்டாம்.

4. வயதை மாதக்கணக்கில் எழுதுங்கள்

டிராஃப்ட் அன்று காசிலுக்கு 19 வயது. நியூட்டனுக்கு 23; இன்னொரு தொடக்க ஆட்டக்காரரான கேம் ஸ்பென்சருக்கு 24. ஸ்பென்சரின் சராசரி 14.3 புள்ளிகள், அவரை 53ஆவதாக எடுத்தார்கள். 19 வயதில் 23 வயதுக்காரர்களுக்கு எதிராக ஈடுகொடுத்து நிற்பவரும், 23 வயதில் 19 வயதுக்காரர்களுக்கு எதிராகச் சிறப்பாக ஆடுபவரும் பட்டியலில் ஒரே மாதிரி தெரியலாம். அணி நிர்வாகம் வாங்குவது வரப்போகும் நான்கைந்து ஆண்டுகளை. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டு உறுதி, அடுத்த இரண்டு ஆண்டு அணியின் விருப்பம் என்பதால், அந்த நான்கு ஆண்டும் 19இலிருந்து 23 வரையா, 23இலிருந்து 27 வரையா என்பது பெரிய வேறுபாடு.

வகுப்பை மட்டும் பார்த்து வயதை ஊகிக்காதீர்கள். ஒரே ஆண்டு மாணவர்களுக்குள்ளேயே ஒன்றரை வயது வித்தியாசம் இருக்கலாம். டெவின் புக்கர் 2015 டிராஃப்டின்போது 18 வயதே ஆனவர். அந்த ஆண்டு எடுக்கப்பட்டவர்களிலேயே மிக இளையவர்.

வயதுக்கு இவ்வளவு எடை கொடுக்கச் சொல்லும் நானே, அதையே ஒரே அளவுகோலாக வைக்க வேண்டாம் என்றும் சொல்வேன். 2018இல் பட்டம் வென்ற வில்லனோவா அணியிலிருந்து நால்வர் போனார்கள் (எண், எடுக்கப்பட்ட இடம்): மிகால் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்சோ 17, ஒமாரி ஸ்பெல்மேன் 30, ஜேலன் பிரன்சன் 33. நால்வரில் கடைசியாகப் போன பிரன்சன்தான் அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். மூன்றாமாண்டு மாணவர், 21 வயது, உயரம் குறைவு என்ற கணக்கில் அணிகள் அவரைத் தாண்டிப் போயின. இன்று அந்த நால்வரில் என்பிஏவில் மிக உயர்ந்த இடத்தில் இருப்பவர் அவர்தான்.

5. உயரத்தைக் கல்லூரிப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்

கல்லூரிகள் தரும் உயரம் பெரும்பாலும் காலணியோடு, கொஞ்சம் தாராளமாகவும் சொல்லப்பட்டது. கம்பைனில் வெறுங்காலோடு அளப்பார்கள். அங்கே உயரத்தைவிட முக்கியமானவை இரண்டு: இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை வரும் கைவிரிப்பு, நின்றபடி கையை உயர்த்தினால் எட்டும் உயரம். ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் ஆறரை அடிக்காரர். கைவிரிப்போ ஏறக்குறைய ஏழு அடி. கனெக்டிகட்டின் டானவன் கிளிங்கன் ஏழடிக்கு மேல் உயரம், கைவிரிப்பு ஏழரை அடிக்கும் சற்று அதிகம். ஆட்டத்துக்கு 23 நிமிடம்கூட ஆடாத கிளிங்கன் 7ஆவதாகப் போனதற்கு, வளையத்தருகே அந்தக் கைகள் செய்த வேலை முக்கியக் காரணம்.

கம்பைனுக்குச் சுமார் 75 பேரைத்தான் அழைப்பார்கள். அழைப்பு வந்ததா என்பதே ஒரு தகவல். உங்கள் அணியின் ஐந்து பேர் பெயர் கொடுத்து மூவருக்கே அழைப்பு வந்திருந்தால், மற்ற இருவரைப் பற்றிய உங்கள் மதிப்பீட்டை மறுபடி பாருங்கள். தாவும் உயரம், ஓட்ட வேகம் ஆகியவற்றை ஓரக்குறிப்பாக மட்டும் வையுங்கள். ஆட்டத்தில் தெரியாத வேகம் கம்பைனில் தெரிந்தால் அது சந்தேகத்துக்குரியது.

6. பயிற்சியாளர் கொடுத்த வேலையையும் ஆட்டக்காரரின் திறமையையும் பிரியுங்கள்

மொத்த வேலையிலும் கடினமான படி இதுதான். இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். கல்லூரிப் பயிற்சியாளரின் நோக்கம் இந்த ஆண்டு வெல்வது. அதற்காக அவர் ஒருவருக்குப் பந்தை அதிகம் கொடுப்பார், இன்னொருவரை மூலையில் நிறுத்துவார், மூன்றாமவரைப் பெஞ்சில் உட்கார வைப்பார். அந்த வேலைப்பங்கீட்டைத் திறமையின் வரிசை என்று எடுத்துக்கொண்டால் மதிப்பீடு தலைகீழாகிவிடும்.

இதற்கு மிகத் தெளிவான பாடம் 2015இன் கென்டக்கி அணி. ஆள்பலம் மிகுந்ததால் பயிற்சியாளர் ஜான் கேலிபாரி பருவத் தொடக்கத்தில் இரண்டு ஐவர் குழுக்களை மாற்றி மாற்றி இறக்கினார். அணி தொடர்ந்து 38 ஆட்டங்களை வென்று, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் மட்டும் தோற்றது. அந்த அணியில் அதிகச் சராசரி வைத்திருந்தவர் ஏரன் ஹாரிசன், 11.0 புள்ளிகள், அவரை டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. கார்ல் ஆன்டனி டவுன்ஸ் 21 நிமிடங்களில் 10.3 புள்ளி எடுத்து முதலிடத்தில் போனார். பருவம் முழுக்கப் பெஞ்சிலிருந்து வந்த புக்கர் 21.5 நிமிடங்களில் 10.0 புள்ளி எடுத்து 13ஆவதாகப் போனார். ஆட்டத்துக்கு என்ற சராசரியில் மூவருக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

எனவே முதலில் எல்லா எண்களையும் 40 நிமிடத்துக்கு மாற்றுங்கள். புக்கரின் 10.0 அப்படி மாற்றினால் ஏறக்குறைய 18.6 ஆகும். அடுத்து, அவர் களத்தில் இருக்கும்போது அணியின் தாக்குதல்களில் எத்தனை பங்கு அவர் கையில் முடிகிறது என்ற பயன்பாட்டு விகிதத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். பங்கு குறைவாகவும் ஒவ்வொரு முயற்சியின் பலன் அதிகமாகவும் இருப்பவர் மேலும் ஒரு கேள்விக்கு உரியவர்: பங்கைக் கூட்டினால் பலன் நிற்குமா, இறங்குமா? விடையை அவர் கூட்டாளிகள் இல்லாத ஆட்டங்களில் தேடுங்கள். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய கார்டு காயத்தால் விலகிய ஆட்டங்களையும், ஃபவுல்கள் (விதிமீறல்கள்) கூடியதால் அவர் வெளியே உட்கார்ந்த நேரத்தையும் குறித்துவையுங்கள். ஒரே அணி ஆட்டக்காரர்களை ஒப்பிடுபவருக்கு இவற்றைவிட நல்ல சான்று கிடைக்காது.

2018இன் கென்டக்கி அணியையும் பாருங்கள். அதிகப் புள்ளி எடுத்தவர் கெவின் நாக்ஸ், 15.6, கில்ஜஸ் அலெக்சாண்டர் 14.4, பருவத் தொடக்கத்தில் பெஞ்சிலிருந்து வந்தவர். நாக்ஸ் 9, இவர் 11 என்று அருகருகே எடுக்கப்பட்டார்கள். பருவத்தின் பிற்பாதியில் பந்து யார் கையில் இருந்தது, யார் மற்றவருக்கு எளிய வாய்ப்பை உருவாக்கிக் கொடுத்தார் என்று தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இருவருக்கும் உள்ள இடைவெளி அப்போதே தெரிந்திருக்கும். கில்ஜஸ் அலெக்சாண்டர் 2025இல் என்பிஏவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். பருவ மொத்தத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஜனவரி 15க்குப் பின்னான எண்களைத் தனியே எடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

பெஞ்சில் இருப்பவர் எல்லாரும் மறைந்திருக்கும் நட்சத்திரங்கள் என்ற எதிர்முனைக்கும் போகாதீர்கள். 2005இல் பட்டம் வென்ற வட கரோலைனா அணியில் பெஞ்சிலிருந்து வந்த மார்வின் வில்லியம்ஸை 2ஆவதாக எடுத்தார்கள். அவர் 15 பருவங்கள் பயனுள்ள ஆட்டக்காரராக இருந்தார். சிறந்தவர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வாகவில்லை. அவருக்குப் பின் 4ஆவதாகப் போனவர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பால், பின்னாளில் பெரும் நட்சத்திரம்.

7. எந்தத் திறமை கூடவே வரும்

கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர், என்பிஏவில் உச்சியில் 7.24 மீட்டர், மூலைகளில் ஏறக்குறைய 6.7. கல்லூரியில் எறிய 30 நொடி, என்பிஏவில் 24. என்பிஏவில் தற்காப்பு சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமானவர்) யாரையும் காக்காமல் வளையத்தடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது, கல்லூரியில் நிற்கலாம். இந்த மூன்று வேறுபாடும் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் ஒவ்வொரு விதமாகப் பாதிக்கும்.

எறிதலை மதிப்பிடும்போது மூன்று புள்ளிச் சதவீதத்தைத் தனியாக நம்பாதீர்கள். ஒரு பருவத்தில் 150 முயற்சி என்றால், 40 சதவீதத்துக்கும் 34 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதே பந்துகள். முயற்சிகளின் எண்ணிக்கையும், ஃபவுலுக்காகத் தடுப்பவர் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோவின் சதவீதமும் சேர்ந்தால்தான் கை எப்படிப்பட்டது என்று தெரியும். டவுன்ஸ் கல்லூரியில் எட்டே முறை தொலைவிலிருந்து எறிந்து இரண்டைப் போட்டார். ஆனால் ஃப்ரீ த்ரோ 81 சதவீதம். அந்த உயரத்துக்கு அது மிக நல்ல கை. 2022இல் அவர் என்பிஏவின் மூன்று புள்ளிப் போட்டியையே வென்றார். டைரீஸ் மேக்ஸி கென்டக்கியில் தொலைவிலிருந்து 29 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 83. 21ஆவதாக எடுக்கப்பட்டவர் இப்போது தொலைவிலிருந்து எறிந்தே எதிரணிகளைத் திணறடிக்கிறார். இரண்டு எண்களும் தாழ்ந்திருந்தால், பயிற்சியில் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

எறிதலுக்கு அடுத்து, ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிதலைத் தடுப்பது), ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது) ஆகியவற்றை 40 நிமிடக் கணக்கில் பாருங்கள். கை, கால், கண் மூன்றும் எவ்வளவு வேகமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை இவை காட்டும். அசிஸ்டை (புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்) டர்ன்ஓவரோடு (பந்தை இழப்பது) சேர்த்துப் பாருங்கள். குறைந்த தூர எறிதலில் தேர்ந்து, வேறெதிலும் சராசரியாக இருக்கும் கல்லூரி நட்சத்திரம்தான் மேலே போகும்போது அதிகம் இழப்பவர்.

8. ஆட்டத்தைப் பார்க்கும் முறை

ஒரு ஆட்டத்துக்கு ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். பந்தை விட்டுவிட்டு அவரைப் பின்தொடருங்கள். தொடக்கத்தில் இது சிரமம். கண் தானாகப் பந்தின் பக்கம் போகும். பதிவு செய்த ஆட்டமாக இருந்தால் ஒவ்வொரு தாக்குதலையும் இரண்டு முறை ஓட்டுங்கள்.

தற்காப்பில், எதிரணி சென்டர் வந்து உடலால் வழியை மறிக்கும், அதாவது ஸ்கிரீன் போடும் கணத்தைக் கவனியுங்கள். உங்கள் கார்டு ஸ்கிரீன் வருவதற்கு முன்பே தோளைத் திருப்பி உடலை ஒடுக்கிக்கொள்கிறாரா, மோதிய பிறகுதான் உணர்கிறாரா? மோதிய பின் இரண்டு எட்டில் மறுபடி பந்து வைத்திருப்பவரின் இடுப்போடு ஒட்டுகிறாரா, பின்னால் கையை நீட்டியபடி துரத்துகிறாரா? சென்டரைப் பார்க்கும்போது அவருடைய குதிகாலைப் பாருங்கள். பின்வாங்கும்போது எடை முன்பாதத்தில் இருந்தால் அவரால் மறுபடி முன்னே வர முடியும்; குதிகாலில் உட்கார்ந்துவிட்டால் என்பிஏ கார்டுகள் அவரை ஒரே எட்டில் கடந்துவிடுவார்கள்.

தாக்குதலில், பந்து இல்லாமல் மூலையில் நிற்கும்போது எதிராளி எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பந்து அவருக்கு வந்ததும் எதிராளி கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தால், எறிதலுக்குப் பயப்படுகிறார்கள் என்று பொருள். நான்கு அடி தள்ளி நின்று எறியச் சொல்வதுபோல் விட்டால், சதவீதம் எதுவாக இருந்தாலும் எதிரணியின் முடிவு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே அணியின் இரண்டு ஆட்டக்காரர்களை அதே எதிரணி எப்படி வேறுவேறாக நடத்துகிறது என்று பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள்.

9. பெரும்பாலோர் விழும் பள்ளங்கள்

மார்ச் மாத நாயகன். மார்ச்சில் தொடங்கும் தேசியப் போட்டியில், கடைசி நான்கு அணிகள் ஆடும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இரண்டே ஆட்டங்களுக்கானது. அணிகள் அதற்குத் தரும் எடை ரசிகர்கள் நினைப்பதைவிடக் குறைவு. 2019இல் வர்ஜினியாவின் கைல் கை அந்த விருதை வென்று 55ஆவதாகப் போனார். அவருடைய அணியின் டியாண்ட்ரே ஹன்டர் 4, டை ஜெரோம் 24. 2021இல் பெய்லரின் ஜாரெட் பட்லர் விருது வென்று 40. கூட ஆடிய டேவியன் மிட்சல் 9. 2023இல் கனெக்டிகட்டின் அடமா சனோகோ விருது வென்றும் எடுக்கப்படவில்லை.

அணியின் வெற்றிக் கணக்கு. 2025இல் ரட்கர்ஸ் 15 வெற்றி, 17 தோல்வியோடு தேசியப் போட்டிக்கே போகவில்லை. ஆனாலும் டிலன் ஹார்ப்பர் 2, ஏஸ் பெய்லி 5. 2024இல் கென்டக்கி முதல் சுற்றிலேயே ஓக்லண்டிடம் தோற்றது. பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்த ரீட் ஷெப்பர்ட் 3, ராப் டில்லிங்ஹாம் 8. அதே அணியில் ஆட்டத்துக்கு 20.2 புள்ளி எடுத்த அன்டோனியோ ரீவ்ஸ் 47.

மாக் டிராஃப்ட் என்னும் முன்கணிப்புப் பட்டியல்களை உங்கள் குறிப்புகளுக்கு முன்னால் படிப்பதும் ஒரு பள்ளம். அவற்றை எழுதுபவர்களுக்கு அணிகளிடமிருந்து செய்தி வருவதால் மே மாதத்துக்குப் பிறகு அவை பயன் தரும். நவம்பரில் வருபவை பெரும்பாலும் பள்ளிக்காலப் பெயரை வைத்து எழுதப்பட்டவை. ஷெப்பர்டோடு ஆடிய ஜஸ்டின் எட்வர்ட்ஸ் பருவத்துக்கு முன் மிக உயரத்தில் வைக்கப்பட்டவர். டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை.

10. எண்ணால் வரிசைப்படுத்தாமல் பட்டைகளாகப் பிரியுங்கள்

17ஆவதா, 22ஆவதா என்று சொல்ல முயல வேண்டாம். அது அணிகளின் தேவையையும் பேரங்களையும் பொறுத்தது. நான்கு பட்டைகள் போதும்: முதல் 14 இடங்கள், முதல் சுற்றின் எஞ்சிய பகுதி, இரண்டாம் சுற்று, எடுக்கப்படாதவர். ஒவ்வொருவரையும் ஒரு பட்டையில் வைத்து, காரணத்தை இரண்டே வரியில் எழுதி, தேதி போடுங்கள். கம்பைனுக்குப் பிறகு மாற்றினால் பழைய வரியை அழிக்காமல் கீழே புதிதாக எழுதுங்கள்.

30க்கும் 31க்கும் நடுவே உள்ள கோடு பெரியது. முதல் சுற்றில் சம்பள அளவு விதிப்படி வகுக்கப்பட்டு இரண்டு ஆண்டு உறுதியாகக் கிடைக்கும். இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது, அணியோடு பேசி வாங்குவதுதான். இந்தக் கோட்டருகே நிற்பவர் கல்லூரிக்குத் திரும்புவாரா என்பதை இப்போது பணமும் தீர்மானிக்கிறது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம்; 2025-26 முதல் ஒரு கல்லூரி தன் விளையாட்டு மாணவர்கள் அனைவருக்குமாக ஏறக்குறைய 2.05 கோடி டாலர்வரை (முதல் ஆண்டின் வரம்பு) நேரடியாகவே பகிர்ந்தளிக்கலாம். முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 2021இல் 353 பேர். 2025இல் 106 பேர். கோவிட் காலத்தில் தரப்பட்ட கூடுதல் ஆண்டும் 2021இன் எண்ணைப் பெருக்கியது என்றாலும், போக்கு தெளிவாகவே இருக்கிறது. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டையில் இருக்கும் இளையவருக்கு எதிரே, திரும்பி வரக்கூடியவர் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்.

எடுக்கப்படாதவர் என்று நீங்கள் எழுதியவரின் தாளைத் தூக்கி எறியாதீர்கள். டிராஃப்ட் முடிந்த அன்றிரவே அணிகள் அவர்களோடு ஒப்பந்தம் பேசத் தொடங்கும். ஒவ்வொரு அணிக்கும் டூ வே ஒப்பந்த இடங்கள் மூன்று உண்டு. அப்படிச் சேர்பவர் என்பிஏவின் துணை லீகான ஜி லீக்கில் ஆடியபடியே பருவத்தில் 50 என்பிஏ ஆட்டங்கள்வரை அணியோடு இருக்கலாம். ஃபிரெட் வான்வ்லீட், ஆஸ்டின் ரீவ்ஸ், லுகென்ட்ஸ் டார்ட் மூவரும் டிராஃப்டில் எடுக்கப்படாமல் வந்தவர்கள். ஜூலையில் லாஸ் வேகாஸில் நடக்கும் சம்மர் லீக் என்னும் கோடைக்காலப் போட்டியில் உங்கள் அணியின் பழைய ஆட்டக்காரர்கள் முதன்முறையாக வெவ்வேறு சீருடையில் ஆடுவார்கள். உங்கள் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டங்களைப் பாருங்கள். எறிதல் சதவீதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஆட்டங்கள் மிகக் குறைவு. புது அணி அவருக்கு எந்த வேலையைக் கொடுத்திருக்கிறது, நீங்கள் ஆறாவது படியில் எழுதிய வேலையிலிருந்து அது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.